கேக்கலை சார்

வகுப்பறைக் கதவின் உட்புறத்தில் துறைத்தலைவர் ஒரு துணித் தொங்கலை மாட்டிவைத்திருந்தார். வீடுகளில் செருப்பு அடுக்க மாட்டுவார்களே, அதேதான். வரிசை வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாணவரின் எண். உள்ளே வரும்போதே போனை அணைத்து அவரவர் பையில் போட்டுவிட்டுத்தான் இடத்தில் உட்கார வேண்டும். முந்தின வாரம் பாடத்தின் நடுவே யாருடைய போனிலோ குதிரை கனைத்ததன் விளைவு இது.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். ஒரு பை மட்டும் காலியாகத் தொங்கியது.

அந்தப் பைக்குச் சொந்தக்காரி வாலு. அது வீட்டில் வைத்த செல்லப்பெயர். கல்லூரி வரைக்கும் அது வந்து சேர்ந்ததற்குக் காரணம், வாலுவின் தோழி ரேடியோ. ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் நிறுத்துகிற பொத்தான் அவளிடம் கிடையாது. காது கேட்காதவளுக்கு வாய் மூடாதவள் சிநேகிதியாக வாய்த்ததைப் பற்றி முதலில் ஜோக்கடித்ததும் வாலுதான்.

பள்ளியில் படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சல், போகிறபோது அவளுடைய இடது காதை முழுதாகவும் வலது காதில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்துக்கு ஒரு கருவி பொருத்தினார்கள். அதைப் போட்டுக்கொண்டால் ஸ்பூன் விழுவது இடி விழுவதுபோல் கேட்கும். மனிதர்கள் பேசுவது மட்டும் குழைந்துபோன சோறு மாதிரி, ஒரு பருக்கையைக்கூடத் தனியாக எடுக்க முடியாது. மீதிப் பள்ளிக்காலத்தை உதடுகளைப் பார்த்தும், ஊகித்தும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் தானும் சிரித்தும் ஓட்டினாள். எதற்கென்று தெரியாமல் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இப்போதும் உடம்பு கூசும்.

பிறகுதான் போன் கைக்கு வந்தது.

பிடித்த செயலி எது என்று பேச்சு வந்தால் மற்றவர்கள் பாட்டு, படம், விளையாட்டு என்று அடுக்குவார்கள். வாலுவின் திரை வேறு மாதிரி. பேருந்துக்கு ஒரு செயலி இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கினால் சட்டைப்பையில் கிடந்து அதிரும். அறிவிப்பு காதில் விழாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்த காலம் அதோடு ஒழிந்தது. சூத்திரங்களைச் சிறு அட்டைகளாகப் போட்டுவைக்க இன்னொன்று. அவள் மறக்கப்போகிற சமயம் பார்த்து ஓர் அட்டையை எடுத்து நீட்டும், வட்டிக்காரன் மாதிரி கறாராக. புத்தகப் பக்கத்தைப் படம்பிடித்தால் எழுத்தாக்கித் தரும் செயலியும் உண்டு. ரேடியோவின் கையெழுத்திடம் மட்டும் அது தோற்றுப்போய்விட்டது. சுற்றிலும் கேட்கிற சத்தங்களைக் கண்டுபிடித்துத் திரையில் எழுதுகிற செயலிக்கு 'ஒற்றன்' என்று பெயர். அழைப்பு மணி, திறந்துகிடக்கும் குழாய், அழுகிற குழந்தை, எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடும். விடுமுறை நாள் ஒன்றில் அப்பா சோபாவில் அசந்து தூங்கியபோது, 'கனரக வாகனம் நெருங்குகிறது' என்று எச்சரித்தது. லிப்ட் பழுதுபார்க்கும் வேலை அப்பாவுக்கு. "நான் சரிபண்ணின லிப்ட் ஒண்ணுகூட இப்படிச் சத்தம் போட்டதில்லையே" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலானது பேச்சை எழுத்தாக்கும் செயலி. அதற்கு அவள் வைத்த பெயர் 'காது'. போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தால், எதிரே பேசுகிறவர்களின் வார்த்தைகள் கொட்டை எழுத்தில் ஓடும். தப்பும் தவறுமாகத்தான் ஓடும். துறைத்தலைவரின் பாடத்தில் அது பண்ணுகிற கூத்து தனி. மின்சாரவியல் படிக்க வந்தவள் மீன்பிடித் தொழில் படித்துக்கொண்டிருந்தாள். மின்னோட்டம் மீனோட்டம் ஆகும். மின்தடை மீன் தடை ஆகும். 'மீன் தூண்டில் விதிப்படி சுருளில் மீன் ஓட்டம் உண்டாகிறது' என்று ஒருநாள் திரையில் வந்ததைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரேடியோ எட்டிப் பார்த்தாள். ஏனோ அவள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "மெஷின்தானே, விடு" என்றாள். தூண்டிலைத் தூண்டல் என்று திருத்திப் படிக்க வாலுவுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. முதல் பருவத்தில் வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

அந்தக் காலிப் பையைத் துறைத்தலைவர் விரலால் தட்டினார். பிறகு அவளைப் பார்த்து என்னவோ சொன்னார். மேசைமேல் இருந்த போனில் எழுத்துகள் ஓடின: 'அந்தப் போனை எடுத்துப் பையில் போடு.'

வாலு எழுந்து நின்றாள். "சார், நீங்க சொன்னதே இதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இதை உள்ளே போட்டுட்டா அடுத்து நீங்க சொல்றது தெரியாது."

'காது கொஞ்சம் மந்தம்னு கேள்விப்பட்டேன். முன் பெஞ்சில வந்து உட்காரு. வாயைப் பார்த்துக் கத்துக்கோ.'

"நீங்க போர்டைப் பார்த்துத்தானே சார் பேசறீங்க? முதுகுல உதடு இல்லையே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. திரையில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று வந்ததைக் கண்டதும்தான் தான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. துறைத்தலைவரின் முகம் சுண்டிப்போனது. அவர் கையைக் கதவுப் பக்கம் நீட்டினார். அதைப் படிக்கச் செயலி தேவைப்படவில்லை.

அன்று மாலை அவள் வீடு சேர்வதற்கு முன்பே கல்லூரியிலிருந்து போன் வந்துவிட்டது. அம்மா கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருந்தாள். துணி அளவு திருத்தித் தருகிற சின்னக் கடை அவளுடையது. கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்றக்கூட மறந்து, அடுக்களைத் தொட்டியில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் துண்டோடு நின்று துடைத்தார். இருவரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாலு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேருந்துச் செயலியை மூடப் போனாள். 'காது' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பிலிருந்து வந்த ஆத்திரத்தில் அணைக்க மறந்திருந்தாள். வீட்டுக்குள் அதைப் போட்டுவைப்பது அவள் வழக்கமல்ல. இப்போது அதில் எழுத்துகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

'சாரி சொல்லிட்டா முடிஞ்சுது. அவளே பார்த்துக்குவா, விடு.' இது அப்பாவின் பேச்சு.

'என்னத்தப் பார்த்துக்குவா? நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல கேப்பாங்க. கட்டிக்கப் போற வீட்டுல கேப்பாங்க. சளி பிடிச்சா கொஞ்சம் அடைச்சுக்கும், அவ்வளவுதான்னு சொல்லி இத்தனை நாளாச் சமாளிச்சுட்டு வர்றேன். இவ நடு வகுப்புல எந்திரிச்சு நின்னு, எனக்குக் காது கேக்காதுன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிக்கணுமா?'

வாலு அந்த வரியை விரலால் நிறுத்தி மறுபடி படித்தாள். சளி. தன்னுடைய காதுக்கு வீட்டுக்கு வெளியே அப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அத்தைகள் பார்க்கும்போதெல்லாம் கஷாயம் குடி, கஷாயம் குடி என்று ஏன் கையைக் குவித்துக் காட்டினார்கள் என்று இப்போது புரிந்தது.

"அடிக்கணும்மா" என்றாள்.

அம்மாவின் கையிலிருந்து தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் வாலுவுக்குக் கணீரென்று கேட்டது. அம்மா திரும்பினாள். மகளைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"ஒட்டுக் கேக்கறியாடி?"

"மத்த பிள்ளைங்க எல்லாம் நடக்கப் பழகினதும் ஒட்டுக் கேக்க ஆரம்பிச்சுடும். எனக்கு இப்பத்தாம்மா வாய்ச்சிருக்கு."

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"சிரிக்காதீங்க" என்று அம்மா அவர்மேல் பாய்ந்தாள். பிறகு மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உதடுகளை நன்றாகப் பிரித்து நிதானமாகப் பேசினாள். "உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன். நாளைக்குக் காலையில போ. தெரியாமப் பேசிட்டேன் சார்னு சொல்லு. அந்தப் போனை அந்தப் பையில போடு. ரேடியோகிட்ட நோட்ஸ் வாங்கிக்கோ."

"ரேடியோ பாடமா எழுதறா? சார் என்ன கலர் சட்டை போட்டுட்டு வந்தாருன்னு எழுதறா. முதுகுல உதடுன்னு சொன்னது தப்புதான், அதுக்கு சாரி கேக்கறேன். போனைப் போட மாட்டேன்."

"அப்ப எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கோ, நான் செவிடுன்னு." சொல்லி முடிப்பதற்குள் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். வீட்டில் இதுவரை யாருமே சொல்லாத சொல் அது.

வாலுவுக்குக் கண் கலங்கியது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "சொல்றேம்மா. வருஷம் பூரா சளி பிடிச்சவளா இருக்கறதுக்கு, செவிடாவே இருந்துட்டுப் போறேன். அதுல என்ன அசிங்கம்? நான் எதையாவது திருடினேனா?"

அம்மா எழுந்து போய் மீதிப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் காலை வாலு துறைத்தலைவரின் அறைக்குப் போய் முதுகு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் கையசைத்தார். அடுத்த மணிக்கு வகுப்பில் அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்து, போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

துறைத்தலைவர் உள்ளே வந்தார், பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

'இந்தப் போன் வெளியே போற வரைக்கும் பாடம் கிடையாது.'

"நான் எழுந்திரிக்க மாட்டேன் சார்" என்றாள் வாலு. தன் குரல் எந்த அளவில் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் திடுக்கிட்டதைப் பார்த்தால் நன்றாகவே வந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் ஒரு வரி வந்தது: 'இவ ஒருத்தியால நம்ம எல்லாருக்கும் பாடம் போச்சு.' யார் சொன்னது என்று செயலி சொல்லாது. ரேடியோவின் கண்கள் கடைசி வரிசைக்குப் பாய்ந்து முறைத்ததில் தெரிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரன்.

வாலு அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு ஒருநாள் பாடம் போகுது. எனக்கு இந்தப் பருவம் பூரா போகணும்கறியா?"

அவன் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான். துறைத்தலைவர் விடுவிடுவென்று வெளியே போனார். சிறிது நேரத்தில் முதல்வர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

முதல்வர் மேடம் குரலை உயர்த்தாமல் காரியத்தை முடித்துவிடுகிற ரகம். மேசைக் கண்ணாடியின் மேல் ஸ்டேப்ளரை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே வாலுவின் போனைப் பார்த்துப் பேசினார்.

"உனக்குன்னு ஒரு தனி ஏற்பாடு பண்ணிடலாம்மா. வகுப்புக்கு வர வேண்டாம். நூலகத்துல உட்கார்ந்து புத்தகத்தைப் படி. வருகைப்பதிவு நான் பார்த்துக்கறேன். இந்தச் சலுகை யாருக்கும் கொடுத்ததில்லை."

"சலுகை வேண்டாம் மேடம். எல்லாரும் உட்கார்ந்து கேக்கறாங்க. நானும் உட்கார்ந்துதான் கேக்கப் போறேன்."

"சாருக்கு ஒரு சங்கடம் இருக்குன்னு சொல்றாரு. அதையும் நாம பார்க்கணும் இல்லையா?"

துறைத்தலைவர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு சொன்னவை துண்டு துண்டாகத் திரையில் வந்தன. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் அவர் பாடம் நடத்துவதைப் போனில் பிடித்தான். பிடித்ததை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, எல்லோருக்கும் அனுப்பினான். அவர் மகள்கூட அதைப் பார்த்தாள். அதிலிருந்து வகுப்பில் போனைக் கண்டால் அவருக்குப் பாடம் ஓடுவதில்லை. அதிலிருந்துதான் போர்டைப் பார்த்து நிற்கிறார்.

"இது வீடியோ எடுக்காது சார்" என்று வாலு போனை அவர் பக்கம் திருப்பி நகர்த்தினாள். "எழுத்து மட்டும்தான். அதுவும் உருப்படியா எழுதாது. நேத்திக்கு முந்தின நாள் பாடத்தைப் பாருங்க. நீங்க ஒழுங்காத்தான் சொல்லியிருப்பீங்க, இது என்ன எழுதி வெச்சிருக்குன்னு பாருங்க."

அவர் பார்த்தார். மீனோட்டம். மீன் தடை. மீன் தூண்டில் விதி. சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போனது. முதல்வரும் ஸ்டேப்ளரை நகர்த்துவதை நிறுத்திவிட்டார்.

"இதைத்தான் அவனும் பண்ணினான்" என்றார் துறைத்தலைவர்.

வாலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல்வர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதி அவள் பக்கம் திருப்பினார்: 'சார் மின் என்பதை நீட்டித்தான் சொல்வார். அவர் உச்சரிப்பு அப்படி.'

அப்படியென்றால் மீன் விஷயத்தில் செயலி பிசகவே இல்லை. கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. வகுப்பு முழுவதும் இத்தனை நாளாக அதற்குத்தான் அடக்கி அடக்கிச் சிரித்திருக்கிறது. ரேடியோவுக்கும் தெரியும், அதனால்தான் விடு விடு என்றாள்.

வாலு துறைத்தலைவரை நேராகப் பார்த்தாள். பாவமாக இருந்தது. அதற்காகப் போனை எடுத்து உள்ளே வைத்துவிட அவளுக்குத் தோன்றவில்லை.

"சார், அந்த வகுப்புலயே உங்களைக் கேலி பண்ணாத ஒரே ஆள் நான்தான். எனக்கு மின்னும் ஒண்ணு, மீனும் ஒண்ணு. நான் உங்க பாடத்தைத்தான் படிக்கறேன். அவன் பண்ணின தப்புக்கு என் காதைப் பிடுங்கறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

திரை வெறுமையாக இருந்தது. கடைசியில் முதல்வர்தான் வாயைத் திறந்தார். "போன் மேசைமேல இருக்கட்டும் சார்."

துறைத்தலைவர் எழுந்தார். "இருக்கட்டும். நான் எப்படிப் பாடம் நடத்தணும்னு மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

அவர் சொன்னதன் பொருள் அடுத்த வகுப்பில் தெரிந்தது. போர்டை ஒட்டி நின்றுகொண்டார். முகம் திரும்பவே இல்லை. குரலையும் தாழ்த்திக்கொண்டார் போலிருக்கிறது. திரையில் இங்கொரு சொல், அங்கொரு சொல் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. பிறகு அதுவும் நின்றது. சாக்பீஸ் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

வாலு கையைத் தூக்கினாள். "கேக்கலை சார்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"சார், கேக்கலை."

முதுகு அசையவில்லை. வாலுவுக்குக் கன்னம் சுட்டது. எத்தனை தடவை சொன்னாலும் அந்த முதுகுக்கு இது உறைக்கப்போவதில்லை என்று தோன்றியது. சரி, மணி அடிக்கிறவரை சொல்லுவோம் என்று தீர்மானித்துக்கொண்டாள். மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கினபோது பக்கத்தில் ரேடியோ எழுந்து நின்றாள். அவள் சொன்னது திரையில் கொட்டையாக விழுந்தது.

'சார், எனக்கும் கேக்கலை.'

அடுத்து இன்னொரு வரி. 'எனக்கும்.' இன்னொன்று. 'இங்கயும் கேக்கலை சார்.' வாலு திரும்பிப் பார்த்தாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டிருந்தன. அவளுக்காகச் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உண்மையாகவே யாருக்கும் கேட்கவில்லை.

துறைத்தலைவர் சடாரென்று திரும்பினார். "எப்பலேருந்து கேக்கலை?"

கடைசி வரிசையில் கண்ணாடிக்காரன் எழுந்தான். 'கடைசி வரிசைக்கு முதல் நாள்லேருந்தே பாதிதான் கேக்குது சார். இன்னிக்கு அதுவும் இல்லை. கேட்டா திட்டுவீங்களோன்னு சொல்லலை.'

அவர் அந்த வகுப்பை, ஏதோ புதிதாக ஓர் அறைக்குள் நுழைந்துவிட்டதுபோல, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். கைக்குட்டையால் சாக்பீஸ் தூளைத் துடைத்தார். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை முகத்தை வகுப்புக்குக் காட்டி, கோபத்தோடு, சத்தமாக. எழுத்துகள் திரையில் குபுகுபுவென்று ஏறின. மீன் வந்தது. அதன் பின்னாலேயே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்றும் வந்தது. அவர் குரல் நின்றுவிட்டது.

வாலு எழுந்து பின்னால் திரும்பினாள். "யாரு சிரிச்சது? பாடம் நடக்குது. வாயை மூடிட்டுக் கேளுங்க."

ஒரு முகம் குனிந்தது. துறைத்தலைவர் அவளைப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவருக்கும் அவளுக்கும் அதற்குப் பிறகும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் அவர் பார்வை கூரைக்குப் போய்விடும். ஆனால் பாடத்தை இப்போது முகம் பார்த்துத்தான் நடத்துகிறார்.

விடுமுறை நாளில் அவள் அம்மாவின் கடைக்கு உதவப் போனாள். ஒரு பெண்மணி கால்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, கைப்பையைத் துழாவிக்கொண்டே குனிந்தபடி என்னவோ சொன்னாள். வாலு போனைக் கையில் எடுப்பதற்குள் அம்மா ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அவளுக்குக் கொஞ்சம்..." என்று தொடங்கினாள் அம்மா. மகள் தன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். நின்றாள். வாயில் இருந்த குண்டூசியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்குக் காது கேக்காது" என்றாள். "நிமிர்ந்து, அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அந்தப் பெண்மணி நிமிர்ந்தாள். கீழே மடித்துத் தைக்க வேண்டும், இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டும், அவசரமில்லை என்று வாலுவைப் பார்த்துச் சொன்னாள்.